ஈராண்டாக 1350இல் நிற்கும் ஒருவருக்கு

கேட்டவர் நாற்பதை நெருங்கும், அலுவலகம் செல்லும் ஒருவர். இணையத்தில் பத்து நிமிடச் சதுரங்க ஆட்டத்தில் அவருடைய ரேட்டிங், அதாவது ஆட்ட வலிமையைக் காட்டும் எண், இரண்டு ஆண்டுகளாக 1300க்கும் 1400க்கும் இடையே ஊசலாடுகிறது. இரவு உணவுக்குப் பின் ஆறேழு ஆட்டங்கள் ஆடுகிறார், ஓப்பனிங் எனப்படும் தொடக்க நகர்த்தல்கள் பற்றிய காணொளிகளைப் பார்க்கிறார், கொடுத்த நிலையில் சிறந்த நகர்த்தலைக் கண்டுபிடிக்கும் புதிர்களில் அவருடைய எண் 1900ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஆட்டத்தில் ஏற்றமில்லை. வயதுதான் தடையா, ஓப்பனிங் அறிவு போதவில்லையா, நேரில் ஒரு ரேட்டிங் போட்டியில் ஆடிப்பார்க்கலாமா என்பவை அவருடைய கேள்விகள். எங்கள் ஊர்ச் சதுரங்கக் கழகத்தில் ஞாயிறுதோறும் பெரியவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய ஆட்டங்களைப் பார்ப்பவன் என்ற முறையில் இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. அர்பாட் எலோ வகுத்த ரேட்டிங் முறையின்படி, 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் தம்மைவிடக் குறைந்தவரிடம் சராசரியாக நூற்றுக்கு 76 புள்ளிகள் எடுப்பார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது இந்த முறையைத்தான். செஸ்.காம், லிசெஸ் ஆகிய இணையச் சதுரங்கத் தளங்கள் மார்க் கிளிக்மன் வகுத்த கிளிக்கோ முறையின் வடிவங்களைப் பயன்படுத்தினாலும் அடிப்படை ஏறக்குறைய ஒன்றே. அப்படியென்றால், 1350இலிருந்து 1550க்குப் போவது என்பதன் பொருள், இன்று யாரிடம் சரிபாதி வெல்கிறீர்களோ அதே ஆட்களிடம் நான்கில் மூன்று பங்கு எடுப்பது. இருபது ஆட்டங்களில் இன்று பத்தில் தோற்கிறீர்கள். இனி ஐந்தில் மட்டும் தோற்க வேண்டும். ஆக, தோற்கும் பத்து ஆட்டங்களில் ஐந்தைக் காப்பாற்றுவதே உங்கள் முன்னுள்ள வேலை. புதிதாக ஒரு தாக்குதல் கலையைக் கற்பதைவிட இது மிகவும் எளிய வேலை. ஏனென்றால் அந்த ஐந்து ஆட்டங்கள் எவை, அவற்றில் என்ன நடந்தது என்பது உங்கள் கணக்கிலேயே பதிவாகிக் கிடக்கிறது.

அதனால் எதையும் படிப்பதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கடைசியாகத் தோற்ற முப்பது ஆட்டங்களைத் திறந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்த நகர்த்தலில் ஆட்டம் கைவிட்டுப் போனது, ஏன் போனது, அந்த நகர்த்தலுக்கு எத்தனை விநாடி செலவழித்தீர்கள். மூன்றாவது விவரத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இரண்டு தளங்களிலும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்க்க முடியும். கழகத்திற்கு வரும் பெரியவர்களிடம் இதைச் செய்யச் சொன்னால் பெரும்பாலும் ஒரே வகையான பட்டியல்தான் வரும். குதிரை ஒரே நேரத்தில் ராஜாவையும் யானையையும் குறிவைத்தது, மூன்று விநாடி. பிஷப் காவலின்றி நின்றது, நான்கு விநாடி. கடைசி வரிசையில் மேட் (ராஜா தப்ப வழியின்றி ஆட்டம் முடிவது), இரண்டு விநாடி. ஓப்பனிங்கில் திட்டம் தெரியாமல் நெருக்கடிக்கு உள்ளாகி மெல்ல மெல்ல நசுங்கித் தோற்ற ஆட்டங்கள் அந்த முப்பதில் இரண்டோ மூன்றோ இருக்கலாம். உங்கள் பட்டியல் வேறு மாதிரி வந்தால் உங்களுக்கு வேண்டிய மருந்தும் வேறு. அதனால்தான் பட்டியலை முதலில் போடச் சொல்கிறேன்.

புதிரில் 1900, ஆட்டத்தில் 1350 என்ற முரண் உங்களை வருத்துவதாகத் தெரிகிறது. இரண்டும் தனித்தனியே கணக்கிடப்படும் எண்கள் என்பதால் அவற்றை நேராக ஒப்பிடுவதே தவறு. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. புதிரைத் திறக்கும்போதே, இங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஆட்டத்தில் அப்படி யாரும் மணி அடிப்பதில்லை. மேலும், புதிர்கள் பெரும்பாலும் நீங்கள் அடிப்பதைப் பற்றியவை. நீங்கள் தோற்பதோ எதிராளி அடிப்பதைப் பார்க்காததால். ஆகவே புதிர்களை விடாமல் செய்யுங்கள், ஆனால் முறையை மாற்றுங்கள். மண்டையை உடைக்கும் கடினமான புதிர்களை விட்டுவிட்டு, பத்தில் ஒன்பது சரியாக வரக்கூடிய எளிய புதிர்களை, குறிப்பாக உங்கள் நோட்டில் அடிக்கடி வரும் வகையை, நாள்தோறும் பதினைந்து நிமிடம் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து அதே தொகுப்பை மறுபடியும் செய்யுங்கள். சேஸ், சைமன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான ஆட்ட நிலை ஒன்றை ஐந்து விநாடி காட்டி மறைத்தால் வல்லுநர் பெரும்பாலான காய்களைத் திரும்ப வைத்துவிடுவதையும், காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினால் அவரும் புதியவரைப் போலவே திணறுவதையும் காட்டினார்கள். அவர்களிடம் இருப்பது பழகிய வடிவங்களின் பெருஞ்சேமிப்பு. அது திரும்பத் திரும்பப் பார்ப்பதால் சேர்வது. நாற்பது வயதில் சேர்வது சற்று மெதுவாக இருக்கலாம், சேராமல் போகாது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் அவ்வளவுதான்.

இனி, எதிராளியைப் பார்ப்பது என்றால் என்ன என்பதை ஒரு குட்டி ஆட்டத்தைக் கொண்டு காட்டுகிறேன். பலகை இருந்தால் அடுக்கிக்கொள்ளுங்கள். கட்டத்தின் பெயரிலுள்ள எழுத்து, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை எண்ணும் பத்தியையும், எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் வரிசையையும் குறிக்கும். வெள்ளை ராஜாவின் சிப்பாயை இ4க்குத் தள்ளுகிறது. கறுப்பு சி6 ஆடுகிறது. இது காரோ–கான் என்னும் திடமான தற்காப்பு. வெள்ளை டி4, கறுப்பு டி5, வெள்ளைக் குதிரை சி3, கறுப்புச் சிப்பாய் இ4இல் வெட்டுகிறது, வெள்ளைக் குதிரை அதைத் திரும்ப வெட்டி இ4இல் நிற்கிறது. கறுப்பு தன் ராணிப் பக்கக் குதிரையை டி7இல் வைக்கிறது. அடுத்து இன்னொரு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவருவதே அதன் எண்ணம். இந்த இடத்தில் வெள்ளை தன் ராணியை இ2இல் வைக்கிறது. காணொளியில் பார்த்த வரிசையை மனப்பாடமாக ஆடுபவர் அரை விநாடியில் குதிரையை எஃப்6இல் வைப்பார். உடனே வெள்ளைக் குதிரை டி6க்குத் தாவும். செக், அதோடு மேட். இ7இல் இருக்கும் சிப்பாய் அந்தக் குதிரையை வெட்டலாமே என்று தோன்றும். வெட்ட முடியாது; அது நகர்ந்தால் இ2இல் உள்ள ராணியின் பார்வை நேராகக் கறுப்பு ராஜாவின் மேல் விழும். சுற்றியிருக்கும் கட்டங்களையெல்லாம் ராஜாவின் சொந்தக் காய்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆறே நகர்த்தல்களில் முடிந்துபோகும் இந்த ஆட்டத்தில் கணக்கிடும் திறமை எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ராணி இ2க்கு வந்தது இயல்பான நகர்த்தல் அன்று. தன் சொந்த பிஷப்பின் வழியை அது மறிக்கிறது. இவர் ஏன் தம் பிஷப்பைத் தாமே அடைத்துக்கொள்கிறார் என்று ஒருமுறை கேட்டிருந்தால் விடை தானாக வந்திருக்கும். இந்தக் கேள்வியை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கேட்பதுதான் பழக்கம். எதிராளி ஆடியவுடன், இப்போது இவருடைய காய் எந்தக் கட்டங்களைப் புதிதாகப் பார்க்கிறது, எந்தக் கட்டத்தைக் காவலின்றி விட்டது என்று பாருங்கள். பிறகு உங்கள் நகர்த்தலைத் தீர்மானியுங்கள். தீர்மானித்த பின், மவுஸைத் தொடுவதற்கு முன், அந்த நகர்த்தலை ஆடிவிட்டதாக மனத்தில் வைத்துக்கொண்டு எதிராளியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு இருக்கும் செக்குகளையும் வெட்டுகளையும் மட்டும் எண்ணுங்கள். ஐந்தாறு விநாடி வேலை. முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும், பாதி ஆட்டத்தில் மறந்துபோகும். மறந்த ஆட்டத்தை வென்றிருந்தாலும் நோட்டில் அதைக் குறித்துவையுங்கள்.

இந்தப் பழக்கம் படிய நேரம் வேண்டும்; பத்து நிமிட ஆட்டத்தில் அந்த நேரம் இல்லை. பதினைந்து நிமிடமும் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து விநாடி கூடுதலும் உள்ள ஆட்டத்திற்கு மாறுங்கள். இரவில் ஏழு ஆட்டம் ஆடிய நேரத்தில் இரண்டுதான் ஆட முடியும், அதுவே போதும். ஆனால் ஆட்ட நேரத்தை நீட்டிவிட்டால் மட்டும் கை தானாக மெதுவாகிவிடாது. கழக நண்பர் ஒருவர் தாம் மெதுவான ஆட்டத்துக்கு மாறியும் பயனில்லை என்று ஒருநாள் குறைப்பட்டார். அவர் தோற்ற ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். 28 நகர்த்தல்களில் முடிந்த ஆட்டம், அவருடைய கடிகாரத்தில் 13 நிமிடம் மிச்சம். கூடுதல் விநாடிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவர் ஒரு நகர்த்தலுக்குச் சராசரியாகப் பதினான்கு விநாடிதான் செலவழித்திருக்கிறார். பிளிட்ஸ் எனப்படும் அதிவேக ஆட்டம் ஆடும் கையோடு மெதுவான ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவே. ஆட்டம் முடியும்போது உங்கள் கடிகாரத்தில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால் அதுவும் ஒரு தவறுதான். பிளிட்ஸையும், அதைவிட வேகமான புல்லட்டையும் அடியோடு விட்டுவிடச் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை மாலையில் ஆடலாம். அதை ஆடுவது பயிற்சி என்று மட்டும் உங்களையே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள்.

ஆட்டம் முடிந்த பின் செய்யும் ஆய்வு குறித்துச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோற்ற மறுநொடியே என்ஜினை, அதாவது ஆட்டத்தை ஆராயும் கணினி நிரலை, தட்டி, சிவப்புக் கேள்விக்குறிகளைப் பார்த்து, ஓ, இதுவா என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்டத்திற்குப் போவதுதான் எல்லாரும் செய்வது. இதனால் அனேகமாக எதுவும் மனத்தில் தங்குவதில்லை. விடைத்தாளைப் பார்த்துவிட்டுக் கணக்குப் புரிந்துவிட்டதாக நினைப்பதைப் போன்றது இது. தன் ஆட்டங்களைத் தானே ஆய்ந்து எழுதுவதையே பயிற்சியின் முதுகெலும்பாக முன்னாள் உலக சாம்பியன் மிகயில் போட்வினிக் வலியுறுத்தினார். அவர் காலத்தில் என்ஜின் கிடையாது என்பீர்கள். உலக சாம்பியன் டி. குகேஷ், பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவின் வழிகாட்டலில், ஏறக்குறைய கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டும் வரை என்ஜினைத் தொடாமலேயே பயின்றார். குகேஷின் காலத்தில் அது எல்லாக் கைப்பேசியிலும் இருந்தது. உங்களுக்கு அவ்வளவு கட்டுப்பாடு வேண்டாம். முதல் இருபது நிமிடம் என்ஜின் இல்லாமல் ஆட்டத்தைத் திரும்ப ஓட்டி, நீங்கள் தயங்கிய மூன்று இடங்களைக் குறியுங்கள். அந்த இடத்தில் என்ன நினைத்தீர்கள், எதைப் பயந்தீர்கள் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். அதன் பிறகு ஸ்டாக்ஃபிஷ் என்ற என்ஜினைத் திறந்து அந்த மூன்று இடங்களை மட்டும் கேளுங்கள். அது காட்டும் நகர்த்தல் புரியவில்லையென்றால், நீங்கள் ஆட நினைத்த நகர்த்தலை ஆடிப்பார்த்து அது எப்படித் தண்டிக்கிறது என்று பாருங்கள். அப்போதும் புரியாவிட்டால் விட்டுவிடுங்கள். யாருடைய நிலை எவ்வளவு மேல் என்று என்ஜின் காட்டும் எண்களில் +0.3க்கும் +0.8க்கும் உள்ள வேறுபாடு நம் மட்டத்தில் ஆட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. அதைப் பற்றி மண்டையைக் குழப்பிக்கொள்வது நேர விரயம்.

ஓப்பனிங் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் தேவைக்கு மேல் அதில்தான் நேரம் போகிறது. வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இ4ஐ எதிர்க்க ஒன்று, டி4ஐ எதிர்க்க ஒன்று, ஓராண்டுக்கு மாற்றாதீர்கள். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்த பின் வழக்கமான வழியிலிருந்து யார் முதலில் விலகினார் என்று தளத்திலுள்ள ஓப்பனிங் தரவில் பார்த்து, போன முறையைவிட ஒரே ஒரு நகர்த்தலைக் கூடுதலாகத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு ஆட்டத்தில் அது உங்களுக்கு உண்மையில் எதிர்ப்படும் வழிகளின் நூலகமாகிவிடும். காணொளியில் வரும் பொறி ஓப்பனிங்குகள் இரண்டு வாரம் புள்ளிகளைக் கொண்டுவரும். பிறகு அதே காணொளியைப் பார்த்த எதிராளிகள் வருவார்கள்.

சில காய்களே மிஞ்சியிருக்கும் முடிவாட்டத்தைப் பெரியவர்கள் வறண்ட பாடம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது மிகப் பிடித்த பகுதி என்பதால் கொஞ்சம் சார்பாகவே பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 12 அன்று நடந்த உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டத்தை நினைவுகூருங்கள். இருவரும் ஆறரைப் புள்ளிகளில் சமமாக நின்றார்கள். குகேஷின் எதிராளியும் அப்போதைய சாம்பியனுமான டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தாலும், யானையும் பிஷப்பும் பலகையில் இருந்ததால் டிராவுக்குப் போதுமான நிலை. 55ஆவது நகர்த்தலில் அவர் யானையை எஃப்2இல் வைத்து யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகள் வெட்டுப்பட்டவுடன், மூலையில் நின்ற அவருடைய பிஷப்பையும் குகேஷ் கட்டாயமாக மாற்றிக்கொள்ள முடிந்தது; மிஞ்சிய ராஜா–சிப்பாய் முடிவாட்டம் டிங்குக்குத் தோல்வி. காய்களை மாற்றுவது எப்போதும் ஆட்டத்தை எளிமையாக்கும் என்று நினைக்கிறோம்; எதை நோக்கி எளிமையாகிறது என்று தெரிந்தால்தான் மாற்றலாம். அதைத் தெரிந்துகொள்ள ராஜா–சிப்பாய் நிலைகளில் உறுதி வேண்டும். வெள்ளை ராஜா இ5இலும் சிப்பாய் இ4இலும், கறுப்பு ராஜா இ7இலும் நிற்கும் நிலையில், ஆடவேண்டியது கறுப்பு என்றால் வெள்ளைக்கு வெற்றி, வெள்ளை என்றால் டிரா. ஏன் என்பதை இருபுறமும் ஆடிப்பார்த்துத் தூக்கத்திலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள்.

அதற்கு அடுத்தது யானை முடிவாட்டம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரயிறுதிப் போட்டியின் கடைசிச் சுற்றில் எனக்கு ஒரு யானை, எதிராளிக்கு ஒரு யானையும் நடுப்பத்தியில் ஒரு சிப்பாயும். என் ராஜா அந்தச் சிப்பாய்க்கு முன்னாலேயே நின்றது. ஃபிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே காட்டிய தற்காப்பு இது: என் பக்கத்திலிருந்து எண்ணும் மூன்றாம் வரிசையில் யானையை நிறுத்தி எதிராளியின் ராஜாவை உள்ளே விடாமல் காத்திருக்க வேண்டும், சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தவுடன் யானையைப் பலகையின் மறுகோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். அவருடைய ராஜா ஒளிந்துகொள்ள இடமிருக்காது. பெயர் தெரிந்திருந்தது, படித்தும் இருந்தேன், ஒருமுறைகூட ஆடிப் பழகியிருக்கவில்லை. பயத்தில் யானையை என் கடைசி வரிசைக்கு இழுத்து ராஜாவின் பக்கத்தில் காவலுக்கு வைத்தேன். பன்னிரண்டு நகர்த்தல்களில் தோற்றேன். அன்று இரவு பேருந்தில் வரும்போது கைப்பேசியில் அந்த நிலையை அடுக்கி என்ஜினுக்கு எதிராக இருபது முறை ஆடினேன்; அதன் பிறகு அந்த நிலை வந்தபோதெல்லாம் தப்பித்திருக்கிறேன். ஃபிலிடோர், அதற்கு மறுபுறமாக வெல்லும் வழியைக் காட்டும் லுசேனா ஆகிய இரண்டும் ஒரே வாரத்தில் கற்கக்கூடியவை.

ரேட்டிங் எண்ணைப் பார்த்துப் பார்த்து மனம் சோர்வது இணைய ஆட்டத்தின் தனி நோய். சமபலம் உள்ளவர்களோடு நூறு ஆட்டம் ஆடினால், டிராக்களை ஒதுக்கிக் கணக்கிட்டால், எங்கேனும் ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து தோல்விகள் வருவதற்கான வாய்ப்பு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல். அதாவது உங்கள் ஆட்டம் சற்றும் கெடாமலேயே ஒரே இரவில் நாற்பது புள்ளி போகலாம். அந்த நாற்பதை அன்றே மீட்கவேண்டும் என்று நள்ளிரவு வரை உட்கார்வதால்தான் அது எண்பதாகிறது. தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் அன்றைக்குக் கணினியை மூடுங்கள். முன்னேற்றத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நோட்டில் மூன்று விநாடிப் பிழைகள் குறைந்திருக்கின்றனவா என்பதைக் கொண்டு பாருங்கள். எதிராளி என்ஜின் வைத்து ஆடுகிறார் என்ற சந்தேகம் வந்தால் புகார் பொத்தானை அழுத்திவிட்டு மறந்துவிடுங்கள். அதை விசாரிப்பது உங்கள் வேலை அன்று.

கடைசிக் கேள்வி, நேரில் ஆடலாமா என்பது. தாராளமாக ஆடலாம், அதுவும் தள்ளிப்போடாமல். ஃபிடே ரேட்டிங் கிடைக்க, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும்; 2024 மார்ச் முதல் அந்தப் பட்டியலின் அடிமட்டம் 1400. ஆகவே முதல் போட்டியிலேயே எண் வராவிட்டால் வியப்படையாதீர்கள். இணையத்தில் உங்களுக்குள்ள 1350ஐ அதனோடு ஒப்பிடவும் வேண்டாம். போவதற்கு ஒரு மாதம் முன்பாகவே ஆய்வையெல்லாம் உண்மையான பலகையில் செய்யத் தொடங்குங்கள். திரையில் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பக்கவாட்டில் தூரத்தில் நிற்கும் பிஷப் முதல் நாள் தெரியவே தெரியாது. தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்பதால் மவுஸைப் போலக் கையை அலையவிட முடியாது. நகர்த்தலைத் தாளில் எழுதவேண்டும், அதையும் ஆடிய பின்புதான் எழுதவேண்டும். முதல் சுற்றில் உங்கள் எதிரே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி உட்காரக்கூடும். நம் ஊர்ப் போட்டிகளில் அது வழக்கம், அவள் உங்களைவிட நன்றாக ஆடுவதும் வழக்கம். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அணைத்து அமைப்பாளர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள். அது சட்டைப்பையில் இருப்பது தெரியவந்தாலே ஆட்டம் போய்விடும்.